தாழங்கரை என்றொரு சொல்

சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தாவின் செவிப்பெயர்ப்பி மின்னேற்றம் தீர்ந்து அடங்கிப்போனது. அதனால்தான் விஷயமே அவளுக்குத் தெரியவந்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவரின் தாய்மொழியில் காதுக்குள் சொல்லும் கருவி அது. சிலி நாட்டு மலைக்கடியில் சுரங்கப்பாதை குடைந்துகொண்டிருந்தவர்கள் பல தேசத்தவர்கள். ஒருவர் மொழியை இன்னொருவர் கற்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த மேஸ்திரி ரமிரோ, மகன் அலங்கோலமாக்கிய அறையின் படத்தைக் காட்டிச் சிரித்தபடி ஏதோ சொன்னார். புரியாத மொழிக்கு நடுவே ஒரு சொல் மட்டும் புரிந்தது: "தாழங்கரை."

அவளுடைய ஊர்.

அவள் பிறப்பதற்கு முன்பு அங்கே ரசாயனக் கிடங்கு வெடித்துப் பாதி நகரம் போனது. உலகமே அதைத் திரையில் பார்த்தது. பிறகு எழுந்த தாழங்கரையை, மாலையானால் ஜனம் நெரியும் கடற்கரைச் சாலையை, அவள் படித்த பொறியியல் கல்லூரியை யாரும் பார்க்கவில்லை. பெயர் மட்டும் 'நாசம்' என்ற பொருளில் நாடு நாடாகப் புழங்கியது. கருவியும் அப்படியே பெயர்த்துவந்தது. "நான் தாழங்கரைக்காரி" என்று அவள் சொன்னபோதெல்லாம் மற்றவர்கள் ஏன் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள் என்பது இப்போது விளங்கியது.

கருவி நிறுவனத்தோடு மல்லுக்கட்டினாள். "அது ஊருங்க. எங்கம்மா அங்கதான் இருக்காங்க. நாசத்துக்குள்ளயா குடியிருக்காங்க?"

ஒருவழியாக மாற்றினார்கள். இனி அந்தப் பெயரை யார் உச்சரித்தாலும் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழும்: "தாழங்கரை, தமிழ்நாட்டின் அழகிய கடலோர நகரம்." அன்று அவள் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அது நடந்தது. சுரங்கத்தில் பாறை குடையும் முனையில் நின்ற ரமிரோ மேலே பார்த்துவிட்டுக் கைகளை வீசிக் கத்தினார். எல்லோர் காதிலும் இதமான குரல் சொன்னது: "தாழங்கரை, தமிழ்நாட்டின் அழகிய கடலோர நகரம்."

யாரும் அசையவில்லை. அவளைத்தான் கூப்பிடுகிறார் போலும் என்று எல்லோரும் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் புன்னகைகூடச் செய்தான்.

அவர் எந்தப் பொருளில் கத்துகிறார் என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. "ஓடுங்க! பாறை சரியுது, ஓடுங்க!"

ஓடினார்கள். கடைசியாக வந்த ரமிரோவின் காலில் பாறை விழுந்தது.

மருத்துவமனையில் அவர் சொன்னார்: "அது ஒரு ஊருன்னே நீங்க கேக் கொடுத்த அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்மா. பாறை சரிஞ்சா எங்கப்பாவும் அப்படித்தான் கத்துவாரு. உயிர்ப்பயம் வந்தா வேற சொல்லே வாயில வரமாட்டேங்குது."

அவள் அவருடைய கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து நிறுவனத்தை அழைத்தாள்.

"சுரங்கத்துக்குள்ள மட்டும் அந்தப் பேரு கேட்டா 'ஓடு'ன்னு சொல்லட்டும்" என்றாள். "வேற வழியில்ல."

வேலை மறுபடி தொடங்கியது. புதிதாகச் சேர்ந்திருந்த கென்யப் பெண் வஞ்சிரு, ஜெசிந்தாவோடு முட்டுத்தூண்களைச் சரிபார்த்தபடியே பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். சுற்றிலும் முப்பது பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"இங்க சொல்லக்கூடாது" என்றாள். "வெளிய வாங்க, சொல்றேன்."