செவலை தின்ற புல்

ஜீவிதாவுக்கு அன்று வந்தது சின்னக் கோபம் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வரக்கூடிய ஆகப் பெரிய கோபம். கேளுங்கள், உங்களுக்கும் வரும்.

கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் அவள் ஊரில் முன்பு ஒரு பேட்டரி கம்பெனி இருந்தது. இருபது வருஷம் நச்சுத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பில் ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டாலே டீச்சர் அள்ளச் சொல்வார். இவர்களை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் பஞ்சாயத்துதான் அந்த இடத்தைப் பூங்காவாக்கத் தொடங்கியது. முன்பக்கத்தில் கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, லாரி லாரியாகப் புது மண் கொட்டினார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்தன. பின்பக்க வேலை இன்னும் தொடங்கவில்லை. அங்கே ஒரு கம்பி வேலியும் ஒரு பலகையும் மட்டும் இருந்தன. வேலிக்கு உள்ளே இடுப்பளவு புல்.

அந்த ஊரில் மாடு இல்லாத வீடு குறைவு. பச்சைப் புல்லைப் பார்த்துவிட்டுச் சும்மா போக யாருக்கும் மனசு வராது. ஜீவிதாவின் அம்மா சிவசங்கரியும் வேலி ஓட்டை வழியாகப் போய், மூன்று நாளாகத் தங்கள் செவலைப் பசுவுக்குப் புல் அறுத்து வந்தார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. ஜீவிதாவும் கூடப் போனாள். பலகையில் மலையாளத்தில் மூன்று வரி இருந்தது. அவள் படிப்பது தமிழ்ப் பள்ளிதான், ஆனால் மலையாள வகுப்பும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் வேலி ஓட்டைக்கு ஓடினாள்.

"அம்மா! அறுக்காதீங்க! வெளிய வாங்க!"

"ஏங் கண்ணு, பாம்பா?"

"பாம்பு இல்லீங்கம்மா. இந்த மண்ணுல விஷம் இருக்குதாம். உள்ள வரக்கூடாதாம். புல்லை மாட்டுக்குப் போடவே கூடாதாம். போர்டுல எழுதியிருக்குது."

அம்மாவின் கையில் இருந்த அரிவாள் நின்றது.

"அய்யோ! பூங்காவைத் தொறக்கறவங்க பேரு போட்டிருக்குதுன்னு நெனச்சேனே! போர்டுன்னா அதைத்தானே எழுதுவாங்க?"

இருவரும் கால்நடை டாக்டரிடம் ஓடினார்கள். "மூணு நாள்தானே, பயப்படாதீங்க. ரத்தமும் பாலும் சோதிக்கணும். நான் சொல்ற வரைக்கும் பாலை யாருக்கும் குடுக்காதீங்க" என்றார் அவர்.

"என் கையாலயே வெசத்தைப் போட்டிருக்கறேனே!" என்று அம்மா அழுதுவிட்டார். சட்டென்று கண்ணைத் துடைத்தார். காலைப் பால் முக்கு டீக்கடைக்குப் போய்விட்டதே! அம்மா அங்கே ஓடினார். ஜீவிதா பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினாள்.

பூங்கா வேலையைப் பார்க்கும் ஓவர்சியர் மலையாளத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த போர்டைத் தமிழ்லயும் எழுதுங்க. எங்க தெருவுல பாதிப்பேருக்கு மலையாளம் படிக்கத் தெரியாதுங்க."

"போர்டு வெச்சாச்சே, மோளே. தமிழ்ல வேணும்னா கமிட்டி கூடணும். அடுத்த மாசம் பார்க்கலாம்."

அடுத்த மாசமா! அதுவரை ஊர் மாடுகள் எல்லாம் அந்தப் புல்லைத் தின்றுகொண்டே இருக்கட்டுமா? ஜீவிதாவுக்குக் காது மடல் சுட்டது. அதற்குள் ஓவர்சியர் மேசைமேல் இருந்த டீயை எடுத்தார்.

"குடிக்காதீங்க சார்! முக்குக் கடை டீதானுங்களே அது?"

"ஆமா. நல்ல டீயாச்சே?"

"அந்தக் கடைக்கு எங்க ஊட்டுப் பாலுதானுங்க போகுது. எங்க செவலை மூணு நாளா அந்தப் புல்லைத்தான் தின்னுச்சு!"

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. ஓவர்சியர் அதை மெல்ல மேசையில் வைத்து, இரண்டு விரலால் தள்ளினார்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"நாங்க சொல்லலீங்களா? நீங்கதானுங்க எங்களுக்குச் சொல்லலை!"

அரை மணி நேரத்தில் ஓவர்சியர் பெயிண்ட் டப்பாவோடு வேலிக்கு வந்துவிட்டார். கமிட்டி கூடவே இல்லை! அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. ஜீவிதாவே ஸ்டூலில் ஏறி, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்.

மிச்சப் பாலைக் கொட்டிவிட்டு அம்மாவும் வந்து சேர்ந்தார். பலகை முன்னால் நின்று, ஒரு வார்த்தை விடாமல் சத்தமாகப் படித்தார். பிறகு ஓவர்சியரைப் பார்த்தார்.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சவளுங்க. இப்படி எழுதியிருந்தா மொத நாளே படிச்சிருப்பேனுங்க."

ஓவர்சியர் குனிந்து, வேலியின் ஓட்டையைக் கம்பியால் இழுத்துக் கட்டத் தொடங்கினார்.