செவிவார்ப்பு

பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆலயம் இருட்டத் தொடங்கும். ஜன்னல் வெளிச்சமும் மின்விளக்குகளும் அப்படியேதான் இருக்கும். அணைவது காதுகள். முதலில் சபைச் செயலாளரின் காது அணையும். பிறகு பாடகர் குழு, பிறகு ஆண்கள் பக்கம் முழுவதும். மேடையில் நிற்கும் போதகர் மனோவாவுக்கு, மழைக்காலத்து வயலில் மின்மினிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதுபோல இருக்கும்.

ஒரு சுடர் மட்டும் அணையாது. பெண்கள் பக்கத்தில், கதவோரம், கடைசி பெஞ்சில் இருக்கும் எப்சிபாவின் காது.

செவிச்சுடர் என்பது பட்டாணி அளவு மணி. காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒட்டிக்கொள்ளும். மூளை உண்மையிலேயே செவிகொடுக்கும்போது அதில் ஓர் ஒழுங்கு பிறக்கிறது. அந்த ஒழுங்கை உணர்ந்து மணி நீலமாக ஒளிரும். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு தலையாட்டினால் அணைந்துவிடும். அது வந்தபின் நாட்டில் பொய்த் தலையாட்டல் ஒழிந்தது. மனு வாங்கும் அதிகாரியின் காது எரியாவிட்டால் மனுவை மறுபடி சொல்லலாம் என்று சட்டமே வந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிற வீடுகளில், பெண் பேசும்போது பையனின் சுடர் எப்படி எரிகிறது என்றுதான் பெரியவர்கள் முதலில் பார்த்தார்கள். "சும்மா ம் கொட்டாதிய, காது அணைஞ்சு கிடக்கு" என்பது மணியாச்சி ரயில்வே காலனியில் எல்லா மனைவிமாரும் சொல்லும் வார்த்தையாகிவிட்டது.

இருண்ட காதுகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த போதகர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார்.

"இத்தனை வருஷமா நாம ஆண்டவரைப் பேசவே விட்டதில்ல," என்றார். "ஒரு ஜெபம் முடியுமுன்ன அடுத்த ஜெபம். போன்ல நம்ம செயலாளர் பேசுத மாதிரி. எதிர்ல இருக்கவர் 'வச்சிருதேன்'னு சொல்லக்கூட இடம் கிடையாது."

செயலாளரே சிரித்தார். அன்றிலிருந்து பிரசங்க நேரம் அமர்வு வேளையானது. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. அமைதியாக உட்கார்ந்து தேவனுக்குச் செவிகொடுப்பது மட்டும்தான்.

ஆனால் நிலைமை இன்னும் மோசமானது. பேச்சு இருந்தபோது ஐந்து நிமிடமாவது எரிந்த காதுகள், பேச்சே இல்லாதபோது உட்கார்ந்ததுமே அணைந்தன. ஒவ்வொரு மணிக்குள்ளும் செவிவார்ப்பு என்று ஒன்று உண்டு. கேட்கும் மனம் எப்படி இருக்கும் என்பதற்கான அச்சு. தொழிற்சாலையில் அதை வகுப்பறை மாணவர்களிடமிருந்து எடுத்திருந்தார்கள். சத்தத்தைக் கேட்கிற மனம் அது. சத்தமே இல்லாத இடத்தில் காது கொடுத்துக் காத்திருந்தாலும் மணி எரியும், ஆனால் அந்த மனம் வேறு. அது யாருக்கும் வாய்க்கவில்லை, எப்சிபாவைத் தவிர.

அமர்வு வேளையில் அவள் சுடர் முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. சனங்கள் அவளிடம் வந்து நிற்கத் தொடங்கினார்கள். "ஆண்டவர் என்ன சொன்னாவ அக்கா? எங்க பையனுக்கு வேலை கிடைக்குமாமா?" என்பார்கள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா," என்பாள் எப்சிபா. அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவள் கணவன் சற்குணராஜ் சரக்கு ரயில் ஓட்டுநர். இன்ன நேரத்தில் போவான், இன்ன நேரத்தில் வருவான் என்று கிடையாது. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் பாத்திரத்தையெல்லாம் குலுக்கிக்கொண்டு போகும். எப்சிபா அசையாமல் தூங்குவாள். ஆனால் அவன் வாசலில் செருப்பை உதறினால் எழுந்துவிடுவாள். அடுப்படியில் நின்றால் கொதிப்பதைத் தணித்துவிட்டு, தாடையைத் தாழ்த்தி, இடது காதைக் கதவுப் பக்கம் சாய்த்து ஒரு கணம் நிற்பாள். கல்யாணமான புதிதில் வந்த பழக்கம். உலையில் எப்போதும் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாக விழும்; அவனுக்குப் பிடித்த கருவாடும் பொரியும்.

வெளியூரில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் விடுதியில் தூக்கத்திலேயே அவன் நெஞ்சு நின்றுபோனது. உடலைக் கொண்டுவந்தார்கள். அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், முத்தமிட்டாள், கல்லறைத் தோட்டத்தில் மூன்று பிடி மண் போட்டாள். உடம்பு முழுவதும் அடக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. காது மட்டும் போகவில்லை.

ஓர் ஆராதனை முடிந்ததும், அங்கி மாற்றும் அறையில் போதகரைப் பார்த்தாள்.

"ஐயா, இந்தச் சுடரைக் கழத்திரலாம்னு இருக்கேன்."

"ஏம்மா, உறுத்துதா?"

"ஊரை ஏமாத்துத மாதிரி இருக்கு. நான் ஆண்டவருக்குக் காது குடுக்கல ஐயா. எங்க வீட்டுக்காரவ வந்துட்டாவளான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அடக்கம் பண்ணினது நீங்கதான். எனக்குத் தெரியாமலா? ஆனா கதவுன்னு ஒண்ணு இருந்தா காது அங்க போயிருது. கோயில்ல உக்காந்தா கோயில் கதவு."

போதகர் சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் காதைப் பார்த்தார். அமர்வு வேளையில் அது ஒருநாளும் எரிந்ததில்லை.

"படிச்சு முடிச்ச நாள்லேருந்து ஆண்டவரைப் பத்திப் பேசுதேன்," என்றார். "நீங்க ஒரு மனுஷனுக்குக் குடுக்கிற காதை ஒரு நாள்கூட நான் அவருக்குக் குடுத்ததில்ல." அவள் பக்கம் திரும்பினார். "உங்க வார்ப்பைச் சபைக்குத் தருவியளாம்மா?"

வார்ப்பு எடுப்பது எளிது. அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தால் போதும். அவள் மனத்தின் அச்சைக் கருவி படித்துக்கொள்ளும். பிறகு அதை மற்றவர்களின் மணிகளில் ஏற்றலாம். அந்த அச்சை அவர்கள் மனம் நெருங்க நெருங்க மணி இளஞ்சூடாகும், விலகினால் குளிரும். சில மாதங்களில் மனம் தானாகப் படிந்துவிடும்.

"நான் யாருக்குக் காத்திருக்கேங்கிறதும் சேந்து போயிருமா?"

"போகாது. கருவிக்கு ஆள் தெரியாது, காத்திருக்கிறதுதான் தெரியும். ஆளை நாங்க மாத்திக்கிடுதோம்."

எப்சிபாவுக்குள் யாரிடமும் சொல்லாத ஒரு பயம் இருந்தது. உலகத்தில் சற்குணராஜுக்காகத் திறந்திருப்பது ஒரே ஒரு காது. ஒருநாள் அவள் நன்றாகிவிட்டால், அல்லது செத்துப்போனால், அவனுக்காகக் காத்திருக்க யாருமே இருக்கமாட்டார்கள். அப்போதுதான் அவன் உண்மையில் இறப்பான்.

"தாரேன் ஐயா," என்றாள். "ஆனா இது யாருக்காகன்னு யார்ட்டயும் சொல்லாதிய."

பலன் மெதுவாக வந்தது. முதலில் பாடகர் குழுவில் ஓர் இளம்பெண்ணின் காது மினுங்கியது. அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். பிறகு செயலாளர், ஓய்வுபெற்ற ரயில்வே கேட் கீப்பர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். ஆறு மாதத்தில் அமர்வு வேளையில் ஆலயம் முழுவதும் நீலமாக எரிந்தது. பக்கத்து ஊர்ச் சபைகள் பேருந்து பிடித்து வந்து பார்த்தன; எப்சிபாவின் வார்ப்பு அங்கேயும் போனது.

கூடவே வேறு சிலவும் நடந்தன. மூன்று பூட்டுப் போட்டும் இழுத்துப் பார்க்கும் செயலாளர், வீட்டுக் கதவை வெறுமனே சாத்திவிட்டுத் தூங்கினார். காலனியில் டிவிச் சத்தங்கள் தணிந்தன. "யாரோ வரவேண்டியிருக்கு ஐயா, மனசு கிடந்து அடிக்குது," என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். "எனக்குந்தான்" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. போதகரின் கண்கள் நிறைந்தன. ஆண்டவரின் வருகைக்குச் சபை ஆயத்தமாகிவிட்டது என்றார்.

ஆலயத்துக்கு வெளியே செருப்பைத் தேடும்போது, சற்குணராஜின் தங்கை ஷீபா எப்சிபாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, எங்க வீட்ல இப்ப தினமும் சோறு மிஞ்சுது. உலை வைக்கும்போது கை தானா ஒரு பிடி கூட அள்ளுது. எங்க மாமியா உயிரோட இருந்தா என்னையத்தான் உலையில போட்டுருப்பா."

எப்சிபா சிரிக்க முயன்றாள். அந்தக் கைப்பிடி அரிசி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்த மகிழ்ச்சி அவளுக்கே வெட்கமாக இருந்தது. காலனியில் வீட்டுக்கு வீடு, பெயர் தெரியாமலேயே, அவள் புருஷனுக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. எந்தக் கதவைத் தட்டினாலும் அவனுக்குச் சாப்பாடு உண்டு.

"யாரா இருக்கும் மதினி, வரப்போறது?"

"போதகர் ஐயா சொன்னாவல்லா, ஆண்டவர்னு."

"சொன்னாவ," என்றாள் ஷீபா. அவள் முகம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஆனா ஆண்டவருக்கு எதுக்கு மதினி நான் கருவாடு பொரிக்கணும்?"

எப்சிபா செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அமர்வு வேளையில் ஒரு காதுகூட அணைந்திருக்கவில்லை. கைக்குழந்தைகளே அடங்கிக் கிடந்தன. அப்போது கதவு கிறீச்சிட்டது.

சபை முழுவதும் திரும்பியது. எல்லாத் தாடைகளும் ஒரேபோலத் தாழ்ந்தன, எல்லா இடது காதுகளும் ஒரேபோலச் சாய்ந்தன. கதவோரம் இருந்த எப்சிபா கதவைப் பார்க்கவில்லை; தன் பக்கமாகத் திரும்பிய முகங்களில் சிக்கிக்கொண்டாள். அவற்றில் இருந்த ஆசை அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மறுகணம் அந்த முகங்கள் வாடிப்போயின. வந்தது வேறு யாரோ.

யாரோ ஓர் இளைஞன், பயணப்பை தோளில் தொங்க, மூச்சு வாங்க நின்றான். ஏதோ கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டான். பிறகு சுற்றிலும் விழித்துவிட்டு வெளியேறினான்.

அவன் என்ன கேட்டான்? எப்சிபா யோசித்தாள். இரண்டடி தூரத்தில் நின்று கேட்டான். அவளுக்கும் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அவள் எழுந்து வெளியே ஓடினாள். வெளிவாசல் அருகே அவனைப் பிடித்தாள்.

"தம்பி, என்ன கேட்டிய?"

"ஒரு வண்டி கிடைக்குமான்னு கேட்டேன்க்கா." அவன் ஸ்டேஷன் பக்கம் கைகாட்டினான். "எங்கப்பா பிளாட்பாரத்துல மயங்கி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் தூத்துக்குடியில இருந்து வரணுமாம். எல்லாருக்கும் காது எரியுதேன்னு நம்பித்தான் உள்ள வந்தேன்."

"இங்கயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்து கதவைத் தள்ளினாள்.

அத்தனை முகங்களும் அவளை நோக்கித் திரும்பின. அந்த ஒரு கணம் அவளால் காலெடுத்து வைக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுக் கதவைத் திறந்தபோது சற்குணராஜ் பார்த்தது இதைத்தான். இந்த முகத்தை. அழுக்குச் சட்டையும் டீசல் வாடையுமாக வாசலில் நிற்கும் ஒருவனைப் பார்த்து உலகமே வந்துவிட்டதுபோல மலரும் முகம். அதை அவள் கண்ணாடியில்கூடக் கண்டதில்லை.

பிறகு அவள்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முகங்கள் வாடின. அவன் போனபிறகு தன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய முகம் அது. ஷீபா எத்தனை முறை குழம்புச் சட்டியோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.

"ஸ்டேஷன்ல ஒரு பெரியவர் விழுந்து கிடக்காரு. வண்டி வேணும்," என்றாள் எப்சிபா.

சுடர்கள் அசையாமல் எரிந்தன. போதகர் புன்னகையோடு உதட்டில் விரலை வைத்தார்.

"வண்டி!" என்று கத்தினாள். ஒரு சத்தமும் தவறிவிடக் கூடாதென்று வாழ்நாளெல்லாம் வீட்டை அடக்கிவைத்தவள் அப்படிக் கத்தினாள். செயலாளர் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீபாவின் மடியில் கார் சாவி இருந்தது. எப்சிபா அவள் பெஞ்சுக்குப் போய்க் காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். மணி நல்ல சூடாக இருந்தது. விரல் அங்கேயே நின்றது. அவனுடைய சொந்தத் தங்கையின் காது. இதைப் பிடுங்கினால் அவனுக்காகக் காத்திருப்பவர்களில் ஒருத்தி குறைவாள், அதுவும் இரத்த உறவு.

பிடுங்கினாள்.

ஷீபா தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல விழித்தாள். அவளைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"மதினி," என்றாள், "அண்ணன் வந்துட்டானா?"

எப்சிபா மணியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அடக்கத்தன்றுகூட, மற்றவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதபோதுகூட, அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"இல்ல ஷீபா. அண்ணன் இனி வரமாட்டாவ," என்றாள். "ஸ்டேஷன்ல ஒருத்தரு உயிருக்குக் கிடக்காரு. வண்டியை எடு."

ஷீபா சாவியை எடுத்தாள். இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆலயம் முழுவதும் நீலச் சுடர்கள் சீராக எரிந்துகொண்டிருந்தன. இந்தச் சபையிலும், வார்ப்பு போய்ச் சேர்ந்திருந்த மற்ற ஊர்ச் சபைகளிலும், சற்குணராஜ் இனி வரமாட்டான் என்று யாருக்கும் இன்னும் சொல்லப்படவில்லை.