கிறிஸ்டோவின் பக்கம்

மதியம் மாரிகுப்பத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோது வினோலியாவின் கையில் ஒரு பென்டிரைவும், காலையிலிருந்து ஒன்றுமே போடாத வயிற்றில் எரிச்சலும்தான் இருந்தன. ஸ்டேஷனில் எல்லாம் எப்போதும்போலத்தான். டீக்கடைக்காரர் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டே போனாள். ஒரு வீடே பிள்ளையைக் காணோமென்று கிடந்து துடிக்கும்போது ஊர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்குமா? இருக்கும். அதுதான் கொடுமை.

கிறிஸ்டோ அவளுடைய தம்பி. போன வாரம் கூட்டாளிகளோடு நந்திதுர்க் பக்கம் மூடிக் கிடக்கிற பழைய தங்கச் சுரங்கத்துக்குள் காப்பர் கேபிள் அறுக்க இறங்கினான். கூடப் போனவர்கள் ஏறி வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. தேட வந்த அதிகாரிகள் கயிறு விட்டுப் பார்த்தார்கள், கேமரா இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, இனிமேல் ஆளை இறக்க முடியாது என்று நேற்று கையை விரித்துவிட்டார்கள்.

உடல் கிடைக்கவில்லை. அதனால் சர்ச்சில் மணியும் அடிக்கவில்லை.

எதற்காக இறங்கினான் என்று வின்னிக்கு, வீட்டில் அவளுக்கு அதுதான் பேர், நன்றாகத் தெரியும். "உனக்குத் தனியா ஒரு லேப்டாப் வாங்கித் தர்றேன்க்கா, அப்புறம் நீ என் உயிர எடுக்க மாட்ட இல்ல?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனான் அந்தப் படுபாவி.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அவர்களுடைய லைன் வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. அப்பா மரியகுழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் சுரங்கத்தின் வாயில் நின்று, ஆளேற்றும் இரும்புக்கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். கீழேயிருந்து மணி வந்தால் பதில் மணி அடித்து ஆட்களை ஏற்றுவது அவர் வேலை. இப்போது மகளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேன் டாடி" என்று பொய் சொல்லிவிட்டு அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். கடைசி வருடத்து புராஜெக்ட் அதில்தான் இருந்தது. நாளைக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அதை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் ரவிகுமார் கடையில் பழையதாக வாங்கியது. ஒரே பெட்டி, இரண்டு பிள்ளைகள். கிறிஸ்டோ கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன், அவனுடைய சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். வின்னி படிப்பதெல்லாம் உபுண்டு என்கிற வேறு சிஸ்டத்தில். போதாக்குறைக்கு அந்தக் கிழட்டுப் பெட்டியில் விண்டோஸ் எழுந்து வருவதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். ஆகவே பாதிப் பாதி. பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி அக்கா பக்கம், கீழ் வரி தம்பி பக்கம். வீட்டில் இதற்கு ஷிப்ட் மாத்துவது என்றே பேர்.

கிறிஸ்டோ ஒருநாளாவது தன் பக்கத்தை ஒழுங்காக மூடியிருப்பானா? மாட்டான். ஹைபர்னேட் போட்டுவிட்டு எழுந்து போவான். திறந்து வைத்த வேலை எல்லாம் அப்படியே தூங்கும், அவன் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே எழுந்திருக்கும். அது தூங்கும்போது வின்னி தன் பக்கத்திலிருந்து அவன் டிஸ்க்கைத் திறந்து படிக்கலாம். ஆனால் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. எழுதித்தான் தீருவேன் என்றால் அதற்கு ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தால் தூங்குகிற பக்கம் தூக்கத்திலேயே அழிந்துபோகும்.

ஒருமுறை எரிச்சலில் அடித்தும்விட்டாள். அவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலை போயே போச்சு.

அதற்குப் பிறகுதான் கிறிஸ்டோ சாக்பீஸ் எடுத்தான். சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன்னால் எந்தப் பொந்தில் ஆள் இருக்கிறானோ அதன் வாயில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். ஆள் உள்ளே இருக்கிறான், ஷாட் போடாதே என்று அர்த்தம். வெளியே வருகிறவன் தன் கையால் அதை அழிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அப்பா சொன்ன அந்தப் பழக்கத்தை வைத்து, தன் பக்கம் தூங்கும்போதெல்லாம் பெட்டியின் இடது பக்கத்தில் ஒரு குறி போட்டுவிட்டுப் போவான். வலது பக்கம் அக்காவுடையது.

இடது பக்கத்தில் குறி இப்போதும் இருந்தது. போன வாரம் அவன் போட்டது.

"அவன் பக்கம் போவாத கண்ணு" என்றார் அப்பா.

"இல்ல டாடி. என் பக்கந்தான். படிக்க மட்டும்."

மேல் வரியைத் தட்டினாள். தன் பக்கத்தில் இடம் போதாமல் புராஜெக்டைத் தம்பியை விட்டே அவன் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தாள். படிக்க மட்டும் என்று திறந்து, புராஜெக்டை பென்டிரைவுக்கு ஏற்றினாள். வேலை முடிந்தது. அப்போதே அணைத்துவிட்டு எழுந்திருக்கலாம்.

அவன் டெஸ்க்டாப்பை ஒருதரம் பார்க்கவேண்டும்போல் இருந்தது. பார்த்தாள்.

'அக்காவுக்கு' என்று ஒரு ஃபைல்.

கடைசியாக எழுதிய நேரம், இன்று. இந்த நிமிஷம்.

கடிகாரக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் மணி முன்னே பின்னே ஓடும், அது தெரிந்த தொல்லைதான். ஃபைலைத் திறந்தாள்.

"வின்னிக்கா. லைட் போச்சு. எந்த லெவல்னு தெரில. தண்ணி முட்டி வரிக்கும் கீது."

சட்டென்று மூடினாள். வெளியே வெயில் கொளுத்தியது, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து தகரக் கூரையில் அடித்தது. அடுத்த வீட்டில் பார்வதம்மா மிக்ஸி ஓட்டும் சத்தம். பட்டப்பகல், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுபடி திறந்தாள்.

"தண்ணி இடுப்புக்கு வந்துட்டுது."

தூங்குகிற பக்கத்தில் யார் எழுதுவது? எழுதவே முடியாத டிஸ்க்கில் எப்படி வரி கூடும்? மூடினாள், திறந்தாள்.

"மணிக் கவுறு கையில கெடச்சிது. இழுக்கறேன். யாருக்காவது கேக்குதா?"

பின்னால் ஏதோ உருண்டது. அப்பாவின் கையிலிருந்த டம்ளர். அவர் எழுந்து நின்று கதவுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வின்னி" என்றார் கிசுகிசுப்பாக. "மணி கேக்குதா உனக்கு?"

அவளுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் போதும், கேட்கவேண்டிய தேவையே இல்லை.

வீட்டுக்குள் ஈரப் பாறை வாசனை வந்தது. கிணற்றடி வாசனை இல்லை அது. வருஷக்கணக்காய் வெளிச்சமே படாத இடத்தின் வாசனை.

"டேய் கிறிஸ்டோ, அக்கா இருக்கேன்டா" என்று அந்த ஃபைலில் வேகவேகமாக அடித்தாள். சேமிக்கச் சொன்னால் மறுத்தது. படிக்க மட்டுமே. மறுபடி அடித்தாள். படிக்க மட்டுமே. அவன் பக்கத்துக்கே போய் எழுதலாமென்றால் பாஸ்வேர்ட் வேண்டும். போன வாரமே எழுப்பி, இறந்துபோன அம்மா எலைன் பேரிலிருந்து அவன் பழைய சைக்கிளின் பேர் வரைக்கும் போட்டுப் பார்த்து, எதற்கும் திறக்காமல் அப்படியே திரும்பத் தூங்கவைத்தாயிற்று. அவன் பேசுவது அவளுக்குக் கேட்கிறது, அவள் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. அட ஆண்டவரே, இதைவிட ஒரு நரகம் உண்டா?

"அக்கா. யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

"தண்ணி மாருக்கு வந்துட்டுது."

"ஒரு வார்த்த. இல்லன்னா கைய வுட்டுருவேன்போல கீது."

அவள் கட்டளைத் திரையைத் திறந்தாள்.

அப்பா வந்து அவள் தோளைப் பிடித்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது. அவர் திரையைப் படித்துவிட்டார், பெட்டியின் இடது பக்கத்தையும் பார்த்துவிட்டார்.

"குறி கீதுடி. அவன் அழிக்கல. ஆள் உள்ள கீறான்."

"அதான் டாடி! உள்ள கீறான்! ஒரு வார்த்த கேக்கறான், சொல்லலன்னா கைய வுட்டுருவான்!"

"வாணா கண்ணு…"

"அழியறது அவன் தெறந்து வெச்ச வேல மட்டுந்தான் டாடி. வேற ஒண்ணும் ஆவாது."

அப்படித்தான் அவளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்திருந்தது. அவள் தம்பி எங்கே இருந்து எழுதுகிறான் என்று படிப்புக்கு எப்படித் தெரியும்? கட்டளையை அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினாள்.

காலுக்குக் கீழே, எங்கேயோ வெகு ஆழத்தில், ஒரு அடி.

தகரம் மொத்தமும் நடுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. அடுத்த வீட்டில் மிக்ஸி நின்றது. "இன்னா சத்தம் அது?" என்று பார்வதம்மா கத்தினாள். "ஷாட் போட்டாப்ல கீது! மைன் மூடி எவ்ளோ வருஷமாவுது, எவன் போட்டான்?"

வெடிமருந்துப் புகையின் வாடை கதவிடுக்கில் ஏறி வந்தது.

டிஸ்க் திறந்துவிட்டது. இப்போது எழுத முடிந்தது. "கிறிஸ்டோ, அக்கா இருக்கேன், வுடாத" என்று அடித்தாள், சேமித்தாள், மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தான் அடித்ததற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தாள். அவள் என்டர் தட்டுவதற்கு முன்னால் இல்லாத வரி.

"யாரோ ஷாட் போடறாங்க. அக்கா, ஆள் இருக்குன்னு சொல்லு"

முற்றுப்புள்ளி இல்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை மூடித் திறந்தும் வேறு எதுவும் வரவில்லை.

வின்னி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானே கொன்னுட்டேன், நானே கொன்னுட்டேன் என்று அலறினாள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கீழே உட்கார்ந்து, பெட்டியின் இடது பக்கத்தைத் தடவினார். குறி இல்லை. துடைத்த கை யாருடையது என்று தெரியவில்லை. அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

மாலை ரயில் போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. அது தினமும் போவதுதான். யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது, இருண்ட வீட்டில் திரையின் நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

அந்த வெளிச்சத்தில்தான் அவள் கண்டாள்.

பெட்டியின் வலது பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. புதுசு. சாக்பீஸ் ஈரத்தில் கரைந்து கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய பக்கம்.

அவளுடைய டெஸ்க்டாப்பில், அவள் வைக்காத ஒரு ஃபைல்.

"வின்னிக்கா. உன் பக்கம் வந்துட்டேன். இங்கயும் இருட்டாதான் கீது. கரண்ட மட்டும் நிறுத்திடாத."

யூபிஎஸ் வேகமாகக் கத்தியது. வேகமாகக் கத்தினால் பேட்டரி சாகப்போகிறது என்று அர்த்தம். அவள் பக்கத்தைத் தூங்கவைக்கவும் முடியாது. அந்த வசதியை அவள் கடைசிவரை போட்டு வைக்கவேயில்லை. கரண்ட் போனால் போனதுதான்.

"பார்வதம்மாக்கா! உங்க வீட்ல இன்வெர்ட்டர் கீதா? யாராச்சும் ஒரு ஒயர் குடுங்க! உங்க கால்ல வுழறேன், ஒரு ஒயர்!" வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். தெருவெல்லாம் இருட்டு. நாய்கூடக் குரைக்கவில்லை. பார்வதம்மா மெழுகுவத்தியோடு எட்டிப் பார்த்து, பாவம் பெண்ணுக்குப் பித்து பிடித்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

உள்ளே கீச்சொலி நீளமாக ஒரு தரம் இழுத்து, நின்றது.

வின்னி திரும்பி ஓடினாள். திரை செத்துவிட்டது. பெட்டியின் விசிறி நின்றுவிட்டது. ஒரு துளி வெளிச்சம் இல்லை.

"டாடி?"

"ஷ்ஷ்."

பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இரும்பில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். டக். டக். டக்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக்குழாயில் அப்படித்தான் தட்டுவார்கள். மேலே இருக்கிறவன் பதில் தட்ட வேண்டும். பதில் தட்டினால், உங்களை விட்டுப் போகமாட்டோம் என்று வாக்குக் கொடுத்ததுபோல. மரியகுழந்தை இருட்டில் தவழ்ந்து போனார். கீழே கிடந்த டம்ளரை எடுத்தார். பெட்டியில் திருப்பித் தட்டினார். டக். டக். டக்.

உடனே பதில் வந்தது.

"உயிரோட கீறானா டாடி?" வின்னி அவர் கையைப் பற்றிக்கொண்டு கெஞ்சினாள். "சொல்லு டாடி, கிறிஸ்டோதான?"

அவர் பெட்டியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். சுரங்கத்தின் வாயில் நின்று ஒரு ஆயுசுக்கும் கேட்டுப் பழகிய காது அது.

"கிறிஸ்டோ கீறான்" என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை. "ஆனா இது ஒரு ஆள் தட்டறது இல்ல கண்ணு. உள்ளயே செத்தவங்கல்லாம் அவன் பின்னால வரிசையா நிக்கறாங்க."