செவிடன் காதில் விழுந்த ஊசி

டெலிபோன் அலறியது.

பீரங்கிக்காரனுக்கு அது கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மிலிட்டரி டாக்டர் ரிசீவரை எடுத்தபோதுதான் தெரிந்தது.

போன வாரம் பயிற்சித் திடலில் பீரங்கியே வெடித்துச் சிதறியதில் அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டன. பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கு உயிரே போய்விட்டது. கெட்டுப்போன குண்டு! அதை ஆயுத ஸ்டோரிலிருந்து அனுப்பியது யார் என்று சொல்ல, மிச்சமிருப்பவன் அவன் ஒருவன்தான்.

"காது நல்லாத்தான் இருக்கு, நடிக்கிறான்னு எழுதிட்டேன்" என்றார் டாக்டர் போனில், அவன் முகத்துக்கு நேராகவே. "நடிக்கிறவன் பேச்சை எவன் சார் நம்புவான்?"

கேட்கவில்லை. ஆனால் புரிந்தது.

பீரங்கி முழங்கும் இடத்தில் யாருக்குக் காது கேட்கும்? உதட்டைப் பார்த்தே உத்தரவு வாங்கிப் பழகியவன் அவன். மருந்து வாடையிலேயே காலம் தள்ளிய டாக்டருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்!

அநியாயமாகப் பழி போடுகிறானே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. அடுத்து அந்த உதடுகள் சொன்னது அதைவிட மோசம்.

"ஸ்டோர் சார், நீங்க கவலையே படாதீங்க. மெடிக்கல் போர்டு முடிஞ்சதும் வார்டுக்கு மாத்திடறேன். ஒரே ஊசி. மாரடைப்புன்னு நானே எழுதிக்கறேன்."

வாசலைப் பார்த்தான்.

ஓடலாமா? வாசலில் துப்பாக்கியோடு காவல். கத்தலாமா? நடிகன் கத்தினால் யார் வருவார்கள்?

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த அறை. மெடிக்கல் போர்டின் தலைவி, நரைத்த தலை கர்னல் அம்மாள், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

"மேடம், அதுக்கு முன்னாடி என்னைப் பேச விடணும். அது என் உரிமை."

தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"பேசு."

"டாக்டர் எழுதினது சரிதான். எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

டாக்டர் திகைத்தார்.

"அதனாலதான் இவர் இப்ப ஸ்டோர் அதிகாரிகிட்ட போன்ல பேசினதைக் கேட்டேன். வார்டுல எனக்கு ஊசி போட்டுக் கொன்னுட்டு, மாரடைப்புன்னு எழுதப் போறாராம்."

"பொய் மேடம்!" டாக்டர் பாய்ந்து முன்னால் வந்தார். "இவனுக்கு எப்படிக் கேக்கும்? ரெண்டு செவிப்பறையும் கிழிஞ்சு கிடக்கு. பக்கத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்..."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

அறையே நிசப்தம். பீரங்கிக்காரனுக்கு மட்டும் அது புதிதில்லை.

கர்னல் அம்மாள் பேனாவை மூடினார். வாசல் காவலைக் கண்ணால் கூப்பிட்டு, டாக்டர் பக்கம் கையைக் காட்டினார்.

"ரொம்ப நன்றி டாக்டர். இப்பத்தான் உருப்படியா ஒரு ரிப்போர்ட் குடுத்திருக்கீங்க!"