தொட்டு இரண்டு விநாடி

திரை பூட்டியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் யாரும் கீபோர்டையோ மவுஸையோ தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானே பூட்டிக்கொள்ளும்படிதான் அவள் புரோகிராம் எழுதியிருந்தாள். மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்த அந்த மத்தியானத்தில், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையைத் துடைத்தபடி அவள் அறைக்குள் வந்தபோதும், திரை வெளிச்சமாகத்தான் இருந்தது. கடைசியாகத் தொட்டு எத்தனை விநாடி ஆகிறது என்று ஓரத்தில் ஓர் எண் காட்டும்.

இரண்டு.

காய்ச்சலோடு கட்டிலில் கிடந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மெஷினைத் தொட்டியாக்கா?"

"எழுந்து பாத்ரூம் போகவே தெம்பில்லை. உன் மெஷினைக் கட்டிக்கிட்டு நான் என்னடி பண்ணப் போறேன்?"

சிரிப்பு வந்தது. மவுஸில்தான் கோளாறு என்று வயரைப் பிடுங்கிப் போட்டாள். அந்த எண் செல்போனிலும் தெரிகிற மாதிரி செய்துகொண்டு, அக்காவுக்கு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். எண் ஏறியது. நாற்பது. தொண்ணூறு. இருநூறு. மழையின் இரைச்சலுக்கு அடியில், கனமான எதையோ தரையோடு தரையாக இழுக்கிற ஓசை. பின்னாலேயே, நனைந்த இரும்பைப் போல, நாக்கில் ஒட்டுகிற ஒரு வாடை.

சைபர்.

"அக்கா, விளையாடாதே!"

டக். கீபோர்டின் சத்தம். சைபர். டக். சைபர்.

கறி வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து பாதிக்கு மேல் அறுந்து, தலை முதுகுப் பக்கம் தொங்கியது. நைட்டியெல்லாம் ரத்தம். அவளுடைய வலது கை மட்டும் எழுந்தது, கீபோர்டில் விழுந்தது, எழுந்தது. மேசைக்கு அடியிலிருந்து நீண்டிருந்த தோலில்லாத ஒரு கை, அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் போட்டது.

வெட்டினாள். எலும்பில் கத்தி சிக்கியது. பிடுங்கி மறுபடி வெட்டினாள். மறுபடி.

அது அக்காவை விட்டது. உடம்பு சரிந்து தரையில் மோதியது.

அவளைப் பிடித்தது.

மணிக்கட்டு நொறுங்கியது. அலறினாள். மழை அதை விழுங்கியது. ரத்தம் ஊறிய நாற்காலியில் அவளை இழுத்து உட்கார வைத்தது. அவசரமே இல்லை அதற்கு. கட்டைவிரலைப் பின்னுக்கு ஒடித்தது. பிறகு சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.

மிச்சமிருந்த ஒரு விரலை நிமிர்த்தி, கீபோர்டின் மேல் வைத்து, மெதுவாக அழுத்தியது.

டக்.