முதுகுத் துணை

மாலைச் சங்கு ஊதியதும் செம்பாலை நகரத்தில் எல்லாக் கதவுகளும் சாத்திக்கொள்ளும். கடை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எதுவும் விலக்கல்ல. வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார். அவர் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி அவருக்கு முன்னால் ஓடியிருப்பார். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றிவிட்டு, மனைவிக்கோ அண்ணனுக்கோ முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். செவ்வாய்க் கிரகத்தில் அதற்குப் பூச்சு வேளை என்று பெயர். இரண்டு மாலை அதைத் தவறவிட்டவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கண் விழிப்பான்.

காரணம் எளிமையானது. செம்பாலையை மூடிய பெருங்கூரைக்குள் இருந்த காற்றில் ஈரம் என்பதே கிடையாது. ஈரம் இருந்தால் மூச்சுக்காற்றை உண்டாக்கும் இயந்திரங்கள் துருப்பிடிக்கும். இயந்திரமா தோலா என்று கேள்வி வந்தபோது, குடியேற வந்த முதல் தலைமுறை இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. போதாததற்கு வெளியே இருந்து செந்தூசி வேறு. எத்தனை ரப்பர் வைத்து அடைத்தாலும் நுழைந்துவிடும். அதில் இருந்த உப்பு, வெடித்த தோலில் பட்டால் தீப்பட்டது போல எரியும்.

மனிதனின் மேல்தோல் ஒரு சுவர். செத்துப்போன உயிரணுக்கள் அதில் செங்கல். அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புதான் சாந்து. சாந்து காய்ந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் நஞ்சு உள்ளே வரும். அதைத் தடுப்பதற்கு நீரணை என்ற ஒரு பொருள் இருந்தது. சின்னஞ்சிறு மூலக்கூறு. அது எதனோடும் மல்லுக்கு நிற்காது, எதையும் மாற்றாது. தன்னைச் சுற்றித் தண்ணீரைக் கூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அந்த மெல்லிய நீர்ப்போர்வைக்குக் கீழே செங்கலும் சாந்தும் கலையாமல் பிழைத்துக்கொள்ளும். செம்பாலையில் ஒவ்வொருவர் உயிரும் அந்தப் போர்வைக்குள்தான் இருந்தது.

நீரணையைத் தந்தவை நுண்ணுயிரிகள். பூமியில் தூத்துக்குடி உப்பளங்களில் வாழ்ந்தவற்றை முதல் கப்பலிலேயே கொண்டுவந்திருந்தார்கள். உப்பு ஏற ஏற அவை தங்களைக் காத்துக்கொள்வதற்காக நீரணையை உண்டாக்கி உடம்புக்குள் சேர்த்துவைக்கும். திடீரென்று நல்ல தண்ணீரில் விட்டால் வீங்கி வெடித்துவிடாமல் இருக்க, சேர்த்ததை எல்லாம் வெளியே கொட்டிவிடும். மறுபடி உப்புத் தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். பசுவைக் கறப்பது போலத்தான். அதனால் அந்த இடத்துக்குக் கறவை நிலையம் என்றே பெயர் வந்துவிட்டது. அதன் தலைமைக் கறவையாளன் லிங்கத்துரை.

இத்தனை விஞ்ஞானத்துக்கும் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. மனிதனின் கை அவனுடைய முதுகுக்கு எட்டாது.

ஆகவே செம்பாலையில் யாரும் தனியாக வாழக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரு முதுகுத் துணை இருக்க வேண்டும். பூசுவது மட்டும் துணையின் கடமை அல்ல; அந்த முதுகில் எது தென்பட்டாலும் சொல்வதும் கடமை. மெல்லிய வானத்தைத் துளைத்துக்கொண்டு வரும் கதிர்களால் எல்லோருக்கும் எப்போதாவது கதிர்ப்புள்ளி வரும். தொடக்கத்திலேயே சுரண்டி எடுத்துவிட்டால் அது ஒன்றுமில்லை. விட்டால் ஓசையில்லாமல் உள்ளே இறங்கிவிடும். வயதுக்கு வந்த பையனிடம் அங்கே யாரும் "கல்யாணம் எப்ப?" என்று கேட்பதில்லை. "முதுகுக்கு ஆள் பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். விவாகரத்து கேட்டுப் போனவர்களை, இருவருக்கும் வேறு துணை கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லி நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடும். பாதிப் பேர் அதற்குள் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப் பேர் சமாதானமாகாமலே பூசிக்கொண்டிருப்பார்கள்.

லிங்கத்துரையும் தங்கபுஷ்பமும் இரண்டாவது ரகம். அவர்களின் ஒரே மகள் ஜெயராணி, போனால் திரும்ப முடியாத தொலைவில் இருந்த குறுங்கோள் சுரங்கம் ஒன்றில் வேலை கேட்டிருந்தாள். பெற்றோர் ஒருவரின் கையெழுத்து போதும் என்று இருந்தது. லிங்கத்துரை போட்டுக் கொடுத்துவிட்டு, கப்பல் கிளம்பிய பிறகு மனைவியிடம் சொன்னான்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லணும்னு தோணலைல்லா ஒங்களுக்கு?" என்றாள் தங்கபுஷ்பம். "இனிம நமக்குள்ள பேச்சு கெடையாது."

சொன்னபடியே நடந்துகொண்டாள். ஆனால் சங்கு ஊதினால் பூச்சு வேளை. அவன் முதுகில் அவள் பூசுவாள், அவள் முதுகில் அவன் பூசுவான். வாய் பேசாவிட்டாலும் கை சும்மா இருக்குமா? அவளுக்குக் கோபம் இருக்கும் நாளில் அவன் முதுகு தேய்த்துக் கழுவிய செங்கல் தரை போலச் சிவந்துபோகும். தூசிக்கதவுகளுக்கு ரப்பர் மாற்றும் வேலை பார்த்துவிட்டு அவள் தோள் வலியோடு வரும் நாளில், அவன் கட்டைவிரல் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

அப்படி ஒரு மாலையில் அவன் விரல் அவள் முதுகில் சட்டென்று நின்றது.

"ஏட்டி, இங்கன ஒண்ணு சொரசொரன்னு இருக்கு. நாளைக்குக் காலம்பற டாக்டர்ட்ட காட்டிரு."

 அவள் மறுநாளே போய்க் காட்டினாள். டாக்டர் ஜெசிந்தா அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "நல்ல கை வாச்சிருக்கு ஒங்களுக்கு" என்றார். அன்று லிங்கத்துரையின் தட்டில் பொரித்த மீன் ஒரு துண்டு கூடுதலாக இருந்தது. அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பூச்சுக்கூண்டு வந்தது அதற்குப் பிறகுதான். குளியலறை அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே போய்க் கைகளைத் தூக்கி நின்றால் போதும், வெதுவெதுப்பான பனி போல நீரணை உடம்பு முழுக்கப் படியும். ஒரு மயிரிழை இடம்கூட விட்டுப்போகாது. அதன் சுவரில் கண்கள் பதித்திருந்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத புள்ளியும் அவற்றுக்குத் தெரியும். 'இனி யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்' என்பது அதன் விளம்பரம். செம்பாலையே அதற்கு ஏங்கிக்கொண்டிருந்தது போல வீட்டுக்கு வீடு வந்து இறங்கியது.

லிங்கத்துரை வீட்டுக்கு வந்த விற்பனையாளர்தான் பாவம். "அவியகிட்ட கேளுங்க" என்றாள் தங்கபுஷ்பம். "எனக்கு சம்மதம்னு அவகிட்ட சொல்லும்" என்றான் லிங்கத்துரை. இருவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். வருடக்கணக்கில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தக் கூண்டு.

பழைய சட்டத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. முதுகைப் பற்றிய செய்தி முதுகுக்காரருக்கு அல்ல, துணைக்குத்தான் போக வேண்டும். எல்லோரும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைக்கு, ஒவ்வொரு மாலையும் கூண்டு அதை அனுப்பும். துணை யார் என்று விற்பனையாளர் கேட்டபோது, வேறு யாரும் இல்லாததால் இருவரும் மற்றவர் பெயரைச் சொன்னார்கள்.

அந்தச் செய்தியின் தொடக்கத்தில் மல்லிகை மணம் கலந்த புதுப் பூச்சுக்கான சலுகை இருக்கும். அதற்குக் கீழே நிறுவனத்தின் வாழ்த்து. அதற்கும் கீழே துணையின் முதுகு. அதே நேரத்தில்தான் தண்ணீர் நிறுத்த அறிவிப்பும், ஜெபக்கூட்ட அழைப்பும், யாரோ தொலைத்த சாவியைப் பற்றிய விசாரிப்பும் வந்து குவியும். பட்டை அதிர்ந்தால் போதும், லிங்கத்துரையின் கட்டைவிரல் தானாகப் போய் 'சரி'யை அழுத்திவிட்டு வந்துவிடும். கண்ணுக்கு அந்த வேலையே வைக்காது.

தங்கபுஷ்பம் தூசிக்கதவுக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இருமி இருமிச் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சட்டையை விலக்கிப் பார்த்தார்கள். பழைய தழும்புக்குச் சற்று மேலே ஒரு கதிர்ப்புள்ளி, கருப்பாக, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அது நுரையீரல்வரை இறங்கி எத்தனையோ நாளாகியிருந்தது.

லிங்கத்துரை டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் மேசையைத் தட்டினான்.

"கண்ணு வச்சிருக்கோம் கண்ணு வச்சிருக்கோம்னு சொல்லித்தான வித்தானுவ! இத்தா பெரிசு இருக்கு, அந்தச் சவத்துக்குத் தெரியலையா? சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லியிருக்கு அண்ணாச்சி" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை.

திரையை அவன் பக்கம் திருப்பினார். 'துணைவியின் முதுகில் புதிய புள்ளி. கவனிக்கவும்.' மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். பிறகு 'உடனே கவனிக்கவும்' என்று மாறியது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறிப்பு: பெற்றவர் பார்த்தார்.

"நான் எங்க பாத்தேன்?"

"சரின்னு நீங்கதான அழுத்தியிருக்கீங்க."

"ஒங்களுக்கு அனுப்பியிருக்கலாம்லா?"

"துணை பாத்துட்டாருன்னு ஆயிட்டா எங்களுக்கு வராது அண்ணாச்சி. பாத்த மனுசன் கூட்டிட்டு வராமலா இருப்பான்னு நெனச்சு எழுதுன சட்டம் அது."

லிங்கத்துரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவளுக்கு அரிச்சிருக்குமே. ஒரு நாளும் சொரிஞ்சு நான் பாக்கலையே" என்றான் கடைசியில்.

"நீரணை அரிப்ப அடக்கிரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவனே கறந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

ஆஸ்பத்திரியில் கூண்டு கிடையாது. சங்கு ஊதியதும் துணைதான் பூச வேண்டும். ஒவ்வொரு மாலையும் அவன் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தக் கருப்பைச் சுற்றி விரலால் பூசினான். எலும்புகள் தட்டுப்பட்டன. எத்தனை காலமாக அந்த முதுகைத் தொடவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை.

"பாக்காம இருந்துட்டேன் புஷ்பம்" என்றான் ஒருநாள். "வந்துருக்கு, தெனமும் வந்துருக்கு. நான் பாக்காம இருந்துட்டேன்."

 அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தான்.

"ஒங்க எடது தோளு இப்பம் எப்படி இருக்கு?" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

"எந்தத் தோளு?"

 மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

அவளுடைய பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தபோது அது நடுங்கியது. உள்ளே அவளுடைய பட்டை. முதுகுத் துணையின் விரலுக்கும் பட்டை திறக்க வேண்டும் என்பது விதி. அவன் தொட்டதும் திறந்தது.

அவன் முதுகைப் பற்றிய செய்திகள் வரிசையாக இருந்தன. ஒன்று விடாமல் அடிவரை திறந்து படிக்கப்பட்டிருந்தன. இடையில் ஒன்று: 'துணைவரின் இடது தோளில் வறட்சி. சாந்து தளர்கிறது.' அதற்கு அடுத்து அவள் கூண்டுக்குப் போட்டிருந்த கட்டளை: இடது தோளுக்கு நீரணை கூடுதலாக. பிறகு வந்தவற்றில், 'வறட்சி குறைகிறது', 'குறைகிறது', 'நலம்'. அவள் ஒரே வீட்டில் அவனோடு பேசாமலே தினமும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். லிங்கத்துரை பட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

புதுத் துணையின் பெயரைக் கேட்டு நகரமன்றத்திலிருந்து ஆள் வந்தபோது, "அவ பட்டைக்கே வரட்டும், நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டான். அனுதாபப்பட்டு அனுமதித்தார்கள்.

அவன் உண்மையாகத்தான் சொன்னான். அவள் படத்துக்குக் கீழே பட்டையை வைத்திருந்தான். மாலையில் அது அதிர்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மல்லிகைச் சலுகையிலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பான். நலம் என்று இருக்கும். மறுநாளும் நலம். கறவை நிலையத்தில் யாராவது செய்தியைப் பார்க்காமல் மூடினால் பிடித்துக்கொள்வான். "ஒருத்தி செத்தா இங்க. பாத்துட்டு மூடுங்கலே" என்று சத்தம் போடுவான். அவர்களும் தலையாட்டிவிட்டு, அவன் நகர்ந்ததும் மூடிவிடுவார்கள்.

நலம். நலம். நலம். மல்லிகை போய்த் தாழம்பூ மணம் வந்தது. முகம் கழுவுவது முதலில் நின்றது. பிறகு நின்றபடியே படித்தான். பிறகு கடைசி வரியை மட்டும் பார்த்தான். பிறகு, கடைசி வரியில் என்ன இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரியுமே. வருத்தம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. அவளை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் கண் கலங்கும். வருத்தம் அதன் பாட்டுக்கு இருந்தது, கட்டைவிரல் அதன் பாட்டுக்கு இருந்தது.

அன்றைக்கும் சங்கு ஊதியது. கூண்டுக்குள் நின்று வெளியே வந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்பிலிருந்து சோற்றை இறக்கினான். படத்துக்குக் கீழே பட்டை அதிர்ந்தது. அதில் முதலில் தாழம்பூச் சலுகை இருந்தது, பிறகு வாழ்த்து இருந்தது, அதற்குக் கீழே, 'துணைவரின் முதுகில் புதிய புள்ளி. கவனிக்கவும்' என்று இருந்தது.

லிங்கத்துரை படத்தில் இருந்தவளைப் பாசத்தோடு பார்த்தான். பார்த்துக்கொண்டே பட்டையில் 'சரி'யை அழுத்தினான். பெற்றவர் பார்த்தார் என்று கூண்டு குறித்துக்கொண்டது. அவன் தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.