எட்டாவது படத்தில் ஒரு குறட்டை

கொஞ்சம்கூட நியாயமில்லாத காரியம் ஒன்று ஆறாம் வகுப்பில் நடந்தது. கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்.

அந்த வகுப்பில் ஒரு பழைய நாவலைப் பாடமாகப் படித்தார்கள். ஒரு மணிக்கூண்டுக் காவலரும் அவருடைய மகளும் வரும் கதை. புத்தகம் தலையணை கனம். பார்த்ததுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்ததால் டீச்சர் ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஓர் அத்தியாயத்தை நான்கு கட்டங்களில் பென்சிலால் படக்கதையாக வரைய வேண்டும். வரிசையாகச் சுவரில் மாட்டினால் முழு நாவலும் ஆகிவிடும். சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

ஆறாவது அத்தியாயம் வகுப்பு லீடருக்கு. ஏழாவது மிளகாய்க்கு. கோபம் எப்போதும் மூக்கின் நுனியில் இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எட்டாவது, அவள் பக்கத்தில் உட்காரும் பூனைக்கு. பூனை நடப்பதும் தெரியாது, பேசுவதும் கேட்காது; அதனால் அந்தப் பெயர்.

எட்டாவது அத்தியாயத்தில் காவலருக்குக் காய்ச்சல் முற்றிவிடுகிறது. அதன் கடைசி வரி இது: 'அவர் கண்ணை மூடினார். மகள் போர்வையை இழுத்துவிட்டாள்.'

அதைப் பூனை கடைசிக் கட்டத்தில் அப்படியே வரைந்திருந்தாள். கட்டிலில் கண்ணை மூடிய அப்பா, சிரித்த முகத்தோடு போர்வையை இழுத்துவிடும் மகள். அப்பாவின் வாயருகே ஒரு வட்டம், அதற்குள் 'கொர்ர்ர்'.

வெள்ளிக்கிழமை மதியம் படங்களைச் சரிபார்த்து மாட்டும் வேலையை டீச்சர் லீடரிடம் விட்டுவிட்டு அலுவலக அறைக்குப் போயிருந்தார். எட்டாவது படத்தைப் பார்த்ததும் லீடர் சிரித்தான். பிறகு அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"கண்ணை மூடினார்னா செத்துப்போயிட்டார்னு அர்த்தம். இவ குறட்டை விட வெச்சிருக்கா."

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒருவன் மேசையில் சாய்ந்து குறட்டை விட்டுக் காட்டினான். லீடர் படத்தை நான்காக மடித்துப் பூனையின் முன்னால் போட்டுவிட்டு, எட்டாவதையும் தானே வரைந்துவிடுவதாகச் சொன்னான்.

பூனை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். நாளைக்காகக் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கியிருந்தார்.

"அம்மாவை வர வேணாம்னு சொல்லிடறேன்" என்று பூனை முணுமுணுத்தாள்.

மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் தப்பு செய்தால் சொல்லித்தர வேண்டியதுதானே? ஊரைக் கூட்டிச் சிரிக்க இவன் யார்? இந்த மகா மேதாவி அப்படி என்னதான் வரைந்து கிழித்திருக்கிறான் என்று பார்க்க விறுவிறுவென்று சுவரருகே போனாள்.

ஆறாவது அத்தியாயத்தில் மகள் மருந்துக்கு உதவி கேட்டு நகரத் தலைவரிடம் போகிறாள். 'தலைவர் கையை விரித்துவிட்டார்' என்று நாவலில் இருக்கும். லீடரின் படத்திலோ தலைவர் இரண்டு கைகளையும் அகல விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, மகளைக் கட்டிக்கொள்ள நின்றார்.

மிளகாய்க்கு மூச்சே முட்டியது. கையை விரித்தார் என்றால், தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம். மருந்துக்கு உதவாத கல்நெஞ்சக்காரரை இவன் தங்கமான மனிதராக்கிவிட்டான். அடுத்து மாட்டியிருந்த மிளகாயின் படத்திலோ அந்தப் பெண் வெறுங்கையோடு அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள்.

படத்தைப் பிடுங்கி வகுப்புக்கே காட்டப்போகிறேன் என்று குண்டூசியில் கை வைத்தாள். யாரோ பின்னாலிருந்து சட்டையை இழுத்தார்கள். திரும்பினால் பூனை.

"வேணாம். அவனைப் பாத்தும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. நல்லா வேணும்."

"என்னால அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேக்க முடியாது."

மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தாள். இடத்துக்குப் போய் மடித்த படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, "இதை மட்டும் அழிக்கட்டுமா?" என்று கேட்டாள். பூனை தலையாட்டினாள். 'கொர்ர்ர்' வட்டத்தோடு போனது.

இருவரும் அதை எட்டாவது இடத்தில் குத்தும்போது லீடர் தடுக்க ஓடிவந்தான். அதற்குள் டீச்சரும் வந்துவிட்டார். படம் தப்பு என்றான் லீடர். அப்பா செத்துக் கிடக்கும்போது மகள் சிரித்துக்கொண்டு போர்வை இழுத்துவிடுவாளா என்று கேட்டான்.

டீச்சர் பூனையைப் பார்த்தார். அன்றுதான் பூனையின் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

"அவளுக்குத் தெரியாது டீச்சர். அவளும் தூங்கறார்னுதான் நெனச்சா."

யாரும் சிரிக்கவில்லை. குறட்டை விட்டுக் காட்டியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்தப் படம் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அம்மாவை முதல் ஆளாக வந்து நிற்கச் சொல்லப்போவதாகப் பூனை சொன்னாள்.

பள்ளி விட்டதும் மிளகாய் லீடரைத் தனியாக அழைத்து, கையை விரித்தார் என்றால் என்ன அர்த்தம் என்று காதோடு சொன்னாள். அவன் ஆறாவது படத்தைப் போய்ப் பார்த்தான். இரண்டு காதும் சிவந்துவிட்டன. மெதுவாகத் திரும்பி வந்தான்.

"ரப்பர் இருக்கா?"

மிளகாய் கொடுத்தாள். முறைத்துக்கொண்டேதான் கொடுத்தாள்.